அக்கா சர்வர், தம்பி சர்வர்

போடியில் அக்கா ஏலக்காய் வியாபாரம் பார்க்கிறார். கம்பத்தில் அவருடைய தம்பி. ஒரே வியாபாரம், இரண்டு ஆபீஸ். ஆளுக்கொரு சர்வர் வைத்து, இங்கே பதிந்தது அங்கேயும் அங்கே பதிந்தது இங்கேயும் தானாகப் போய்ச் சேரும்படி செய்து கொடுத்தவன் நான். அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்ததற்கு ஒரு திங்கட்கிழமை காலையில் நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

"ஏப்பா, வெள்ளிக்கெழமையில இருந்து கம்பத்துச் சரக்கு ஒரு மூடைகூட என் கம்ப்யூட்டர்ல ஏறல. அங்கன குடோன் நெறஞ்சு கெடக்குன்னு ஜீப்புக்காரக சொல்றாக. என் ஒடப்பொறந்தான் சரக்க மறைக்கிறான்" என்றார் அக்கா.

தம்பிக்கு போன் போட்டால் அவர் வேறு பாட்டுப் பாடினார். மென்பொருளின் லைசென்ஸ் இரண்டு ஊருக்கும் சேர்த்து ஒன்றுதான். அக்கா பெயரில் வாங்கியது. வெள்ளிக்கிழமையிலிருந்து கம்பத்தில் அடிக்கிற ஒவ்வொரு பில்லின் நெற்றியிலும் 'லைசென்ஸ் செல்லாது' என்று கொட்டை எழுத்தில் விழுகிறதாம். "அக்கா என்னய வெட்டி விட்டுட்டாக. நேரா சொல்லிருந்தா நானே ஒதுங்கிருப்பேன்ல?" என்றார்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை அக்காவின் கடைக்குட்டிக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அக்காவோ, "சரக்க மறைக்கிறவன் மடி எம்பிள்ளைக்கு வேணாம். பூசாரி மடியில வச்சுக் குத்திக்கிறேன். அவர்ட்டயும் சொல்லியாச்சு" என்று முடித்துவிட்டார். தாய்மாமன் மடியைப் பறித்த பாவம் போயும் போயும் என் ரவுட்டர் தலையிலா விழ வேண்டும்?

போடியில் கேபிளைப் பிடுங்கிச் செருகினேன். ரவுட்டரை அணைத்து எழுப்பினேன். லைசென்ஸும் உயிரோடுதான் இருந்தது. சோதனைக்கு ஒரு மூடையைப் பதிந்துவிட்டு, பண்ணைப்புரம் வழியாக பைக்கில் கம்பத்துக்கு விரட்டினேன்.

கம்பம் ஆபீஸ் வாசலில் ஓர் ஆட்டுக்கிடா கட்டிக் கிடந்தது. காதுகுத்துச் சீருக்கு வாங்கியதாம். அதன் வாய்க்கு எட்டுகிற தூரத்தில் என் நெட்வொர்க் கேபிள்! அப்பாடா, குற்றவாளி கிடைத்தான் என்று குனிந்து கேபிளை அங்குலம் அங்குலமாகத் தடவிப் பார்த்தேன். ஒரு பல் தடம்கூட இல்லை. ஆடு என்னைப் பார்த்த பார்வையில் மரியாதை இல்லை.

உள்ளே போய் இன்னொரு மூடையைப் பதிந்து, போடியில் பதிந்ததோடு ஒப்பிட்டேன். போடி மூடையின் நேரம் பன்னிரண்டரை. கம்பம் மூடையின் நேரம் பதினொன்றே கால். அதாவது போடியை விட்டுக் கிளம்புவதற்கு ஒன்றேகால் மணி நேரம் முன்பே நான் கம்பம் வந்து சேர்ந்திருந்தேன். அந்த ஓட்டை பைக்கில்!

"அண்ணே, கம்ப்யூட்டர் மணிய யாரு மாத்துனது?"

தம்பி தரையைப் பார்த்தார். "வெள்ளிக்கெழம சீசனோட மொத லோடு. பதினோரு மணிக்கு வந்து நிக்குது, சரியான ராகு காலம். மொத பில்லுல அந்த நேரம் விழுந்தா வருசம் வெளங்குமா? அதான் பத்து மணியா வச்சேன். திருப்பி வைக்க மறந்துட்டேன்."

அக்காவுக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்தேன். அங்கேயும் அதே வெள்ளிக்கிழமை, அதே ராகு காலம், முதல் லோடு. "நான் எதுக்குப்பா பின்னால போறேன்? பன்னெண்ட தாண்டி முன்னால தள்ளி வச்சேன்" என்றார், மிகவும் விவரமாக.

தலையில் அடித்துக்கொண்டு விளக்கினேன். மணியைப் பின்னால் தள்ளினால் லைசென்ஸ் அதைக் காலாவதியைத் தள்ளிப்போடுகிற ஏமாற்று வேலை என்று நினைத்துக்கொள்ளும். ஒரே சரக்கின் இருப்பை இரண்டு ஊரும் மாற்றினால், எது பிந்திய நேரமோ அதுதான் சரி என்று சர்வர் எடுத்துக்கொள்ளும். எப்போதும் முந்திய நேரத்திலேயே கிடந்த தம்பியின் மூடைகள் பழசு என்று தள்ளுபடி ஆகிவிட்டன. அவர் மறைக்கவும் இல்லை, இவர் வெட்டவும் இல்லை.

இரண்டு மணியையும் சரி செய்து, இனி யாரும் கை வைக்க முடியாதபடி பூட்டினேன். கம்பத்து லைசென்ஸை மறுபடி உயிர்ப்பித்து, தள்ளுபடியான பதிவுகளைத் திரும்ப அனுப்பினேன். போடியில் மூடைகள் வந்து விழ விழ, அக்கா போனிலேயே ஒவ்வொன்றாக எண்ணினார். மூன்று நாள் பேசாதவர்கள்.

"ஏலே, இருக்கியா?" என்றார் அக்கா கடைசியில். "நேத்து பிள்ளைய பூசாரி மடியில ஒக்கார வச்சுப் பாத்தேன். தாடியப் புடிச்சு இழுத்துட்டு, மாமா எங்கன்னு கேட்டு ஒரே அழுக. ஞாயித்துக்கெழம வெள்ளனவே வந்துரு."

தம்பி துண்டால் முகத்தை மூடிக்கொண்டு, நீயே சொல்லிவிடு என்பது போல என் பக்கம் கையை ஆட்டினார்.

"வந்துர்றாகளாம்க்கா" என்றேன்.