சுரைக்கொடிக்குத் தலையங்கம்

என் வீட்டுக்காரர் அப்போது பீளமேட்டுப் பக்கம் ஒரு நூல் ஆலையில் குமாஸ்தா. எங்களுக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகியிருந்தது. எனக்குப் பத்தொன்பது வயது. தாராபுரத்தில் எட்டாவது வரை படித்தவள் என்பதால் வீட்டில் எழுத்து வேலை எதுவானாலும் என் தலையில்தான் விழும். அவர் எழுதியதை அவராலேயே திருப்பிப் படிக்க முடியாது.

ஒரு சாயங்காலம் சென்னைப் பட்டணத்து வாரப் பத்திரிகை ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார். முகம் இழவுச் செய்தி கொண்டு வந்தவர் முகம் மாதிரி இருந்தது. அவருக்குச் சந்தோஷம் வந்தால் முகம் அப்படித்தான் ஆகும்.

"நகைச்சுவைக் கட்டுரைப் போட்டி வச்சிருக்காங்க. நானும் எழுதப் போறேன்" என்றார்.

அரிசி புடைத்துக்கொண்டிருந்த என் மாமியாரின் முறம் அந்தரத்தில் நின்றது. "நீயா, கண்ணு?"

பஞ்சுக் கிடங்கில் அவரோடு வேலை செய்யும் ஆறு பேரும் எழுதுகிறார்களாம். இவரை மட்டும் யாரும் "எழுதலையா?" என்றுகூடக் கேட்கவில்லையாம்.  பிறகு கனைத்துக்கொண்டு போட்டி விதிகளைப் படித்தார். பொருள் புதியதாக இருக்க வேண்டும். மாமியார், குறட்டை, கஞ்சன், ஜோசியர், தலை தீபாவளி மாப்பிள்ளை பற்றிய கட்டுரைகள் பிரித்தும் பார்க்கப்பட மாட்டா.

"மொதல்ல என்ன சொன்னே?" என்றார் மாமியார்.

"மாமியா."

"மாமியா வேண்டாமாமா?"

"எல்லாரும் எழுதி எழுதிப் பழசாப் போச்சாம்மா."

"யாரு பழசு? அவன் எத்தன மாமியாளக் கண்டான்? இங்க வந்து என்னையப் பார்த்துட்டா எழுதினான்?"

மூன்று நாள் மாமியாருக்கு ஆறவில்லை. அடுப்பங்கரையில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டு ஆதாரம் சேர்த்தார். "ஏ அம்மணி, நீ வந்த புதுசுல ராகிக் களி கிண்டச் சொன்னனே, அது வேடிக்கை இல்லியா?"

"வேடிக்கைதானுங்க அத்தை."

"களி சட்டியோட ஒட்டிக்கிட்டு, சட்டியோடயே தூக்கி எருமைக்கி வச்சோம். எருமை சட்டியக் கழட்ட முடியாம மூஞ்சில மாட்டிக்கிட்டு ஊரச் சுத்துச்சு. இது எந்தப் பத்திரிகையில வந்திருக்குது, சொல்லு பாக்கலாம்?"

எதிலும் வரவில்லை என்று ஒப்புக்கொண்டேன். ஆனாலும் விதி விதிதான் என்று அவர் பிள்ளை சொல்லிவிட்டார்.

தலைப்புத் தேடும் வேலையை அவர் ஆபீஸ் வேலை மாதிரியே நடத்தினார். ஒரு நோட்டுப் புத்தகத்தில் நடுவே கோடு கிழித்தார். இடது பக்கம் 'தலைப்பு'. வலது பக்கம் 'சிரிப்பு வந்ததா?' ஆலையிலிருந்து வந்து கை கால் கழுவியதும் புறக்கடையில் துவைக்கிற கல்மேல் அவர் உட்காருவார். எதிரே ஒரு பலகையில் மாமியார். கீழே நோட்டுப் புத்தகத்தோடு நான்.

முதல் நாள் மின்சார விளக்கு என்றார். எங்கள் தெருவுக்கு விளக்கு வருவதற்கு முன்பே அதைப் பற்றி நாலு பேர் வேடிக்கையாக எழுதிவிட்டார்கள். பேசும் படம், குழாய்த் தண்ணீர், நடுவழியில் நின்றுபோகும் மோட்டார் பஸ் எல்லாவற்றுக்கும் அதே கதி. சட்டைப் பித்தான் அறுந்து விழுவதைப் பற்றி எழுதலாமே என்று நான் சொன்னேன். வெகு நேரம் யோசித்துவிட்டு, "எந்தப் பித்தான்? மேலதா, கீழதா?" என்று கேட்டார். அதோடு அது போயிற்று.

"எருமை" என்றார் மாமியார்.

"எருமை பழசும்மா."

"என்ற எருமையப் பத்தி எவன் எழுதினான்?"

தபால் தலைக்குப் பின்னால் இருக்கும் பசை என்று ஒரு நாள் அவர் ஆரம்பித்தார். அதில் என்ன வேடிக்கை என்று கால் மணி நேரம் எங்களுக்கு விளக்கினார். நானும் மாமியாரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். 'இல்லை' என்று எழுதினேன்.

மறுநாள் முழங்கை. "அவங்கவங்க முழங்கைய அவங்கவங்களால சரியாப் பாக்க முடியாது. இது புதுசுதானே?" என்றார். மாமியாருக்கு அதில் நம்பிக்கை இல்லை. பார்த்தே தீருவதென்று கையை இப்படித் திருப்பி, அப்படி மடக்கி, கழுத்தை வளைத்துக்கொண்டே போனதில் பலகை ஒரு பக்கம் எகிறி, அவர் மல்லாந்து சாம்பல் குழியில் விழுந்தார். ஓடிப்போய்த் தூக்கினேன். தூக்கும்போதே எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அவரும் தலையெல்லாம் சாம்பலோடு சிரித்தார்.

என் வீட்டுக்காரர் எழுதுகோலை எடுத்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். "முழங்கைக்குச் சிரிச்சியா, அம்மா விழுந்ததுக்குச் சிரிச்சியா?"

"விழுந்ததுக்குங்க."

"அப்ப அது மாமியா. வேண்டாம்" என்று அடித்துவிட்டார்.

பன்னிரண்டு நாளில் நாற்பது தலைப்பு ஆயிற்று. வலது பக்கம் முழுக்க 'இல்லை.' அவருக்குச் சோறு இறங்கவில்லை. அந்தச் சமயத்தில்தான் மாமியாருக்குப் பொறுமை போயிற்று.

எங்கள் புறக்கடையில் ஒரு சுரைக்கொடி இருந்தது. தினமும் காலையில், குளிக்க வெந்நீர் காயும்வரை, என் வீட்டுக்காரர் அதன் பக்கத்தில் நின்றுகொண்டு செய்தித்தாளை உரக்கப் படிப்பார். வாய்விட்டுப் படித்தால்தான் அவருக்கு மனதில் ஏறும். தலையங்கம் முழுவதும் படித்துவிட்டுத்தான் குளிப்பார்.

"நீ படிக்கறத நாங்க ஆரும் கேக்கறதில்ல, கண்ணு" என்றார் மாமியார். "அந்தச் சொரக்கொடி ஒண்ணுதான் கேக்குது. அதுக்குத்தான் மத்த ஊட்டுல சாண் காய்க்கறது இங்க மொழம் காய்க்குது. போயி அதும்மேல எழுது!"

என் வீட்டுக்காரர் எழுந்து நின்றுவிட்டார். சுரைக்கொடியைப் பார்த்தார். "இது புதுசு" என்றார்.

இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து அவர் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். தலையங்கம் படித்த நாட்களில் கொடி எத்தனை விரற்கடை வளர்ந்தது, பருத்தி விலை இறங்கிய செய்தியைக் கேட்டு எப்படி வாடியது, சட்டசபை நடவடிக்கைகளைப் படித்தபோது பூவெல்லாம் எப்படி உதிர்ந்தது, கல்யாணச் செய்திகளைக் கேட்டதும் எப்படி இரட்டைக் காய் பிடித்தது என்று எல்லாம் ஆலைக்குக் கொடுக்கிற அறிக்கை மாதிரியே ஓடிற்று. வெயில், மழை, எரு விவரமும் விடவில்லை.

"ஏனுங்க, இதுல எங்க சிரிக்கோணும்?" என்று கேட்டேன்.

"சிரிக்கறவங்க அவங்களாவே கண்டுபிடிச்சுக்குவாங்க."

தபாலில் போட்டோம். இரண்டு மாதம் கழித்து முடிவு வந்தது. கும்பகோணத்துக்காரர் ஒருவர் குடையைப் பற்றி எழுதிப் பரிசு வாங்கியிருந்தார். "குடை எனக்கு ஏன் தோணாமப் போச்சு?" என்று இவர் இரண்டு நாள் மழையில்லாமல் குடையைப் பிரித்துப் பிரித்துப் பார்த்தார்.

அதற்கு இரண்டு வாரம் கழித்து வந்த இதழை நான்தான் முதலில் புரட்டினேன். கடைசிப் பக்கங்களில், தென்னைக்கு உப்பு வைப்பது எப்படி என்பதற்கும் மாட்டுக்குக் கோமாரி கண்டால் செய்ய வேண்டியதற்கும் நடுவில், எங்கள் கட்டுரை இருந்தது. ஒரு சொல்லும் மாற்றவில்லை. தலைப்பை மட்டும் 'கொடிப் பயிர்களுக்கு வாசிப்பு: ஓர் அனுபவம்' என்று திருத்தி, அவர் பெயரும் ஊரும் ஆலையும் போட்டு, 'விவசாயக் குறிப்புகள்' பகுதியில் சேர்த்திருந்தார்கள். வாசக அன்பர்களும் தங்கள் அனுபவத்தை எழுதலாம் என்று கீழே ஒரு வரி.

அவர் அதை மூன்று தரம் படித்தார். "ஒரு எடத்துல கூடவா சிரிப்பு வரலை?" என்று என்னைக் கேட்டார். எனக்கு உண்மையிலேயே பாவமாக இருந்தது. சட்டசபை இடம் நன்றாக இருந்தது என்று சொன்னேன்.

மாமியாருக்கோ கால் தரையில் பாவவில்லை. "என்ற சொரக்கொடி பட்டணத்துப் பத்திரிகையில வந்துபோட்டுது" என்று வீடு வீடாகக் கொண்டுபோய்க் காட்டினார். ஆலையில் மற்ற ஆறு பேருடையது எந்தப் பகுதியிலும் வரவில்லை. அந்த வயிற்றெரிச்சலில் அவர்கள் இவருக்குச் 'சுரைக்காய் ஆபீசர்' என்று பெயர் வைத்தார்கள்.

மூன்று மாதம் ஆயிற்று. ஒரு ஞாயிற்றுக்கிழமை முற்பகல், ஆலைக் காவல்காரர் ஒரு பெரியவரை எங்கள் வாசலில் கொண்டுவந்து விட்டுப் போனார். வந்தவருக்குத் தலையில் உருமால், தோளில் ஓர் ஆள் கனத்துக்குக் கதலி வாழைத்தார்.

"ஏனுங்க, செடிக்குப் பேப்பரு படிக்கறவரு ஊடு இதுதானுங்களா?"

என் வீட்டுக்காரர் தயங்கித் தயங்கி, "ஆமாங்க, வாங்க" என்றார்.

கோபிசெட்டிபாளையத்திலிருந்து முதல் பஸ்ஸில் கிளம்பி வந்திருக்கிறார். தாரை இறக்கி வைத்துவிட்டு, மோர் வாங்கிக் குடித்துவிட்டு, வந்த காரியத்தைச் சொன்னார்.

"எனக்குப் படிக்கத் தெரியாதுங்க. என்ற மருமகளுக்குத்தான் தெரியும். அதுதான் உங்க குறிப்பப் படிச்சுக் காட்டுச்சு. கொடிக்கி ஆகறது வாழைக்கி ஆகாதா மாமான்னு கேட்டுது. சரி, செஞ்சுதான் பாக்கலாமேன்னு உட்டேன். அன்னையிலிருந்து தெனமும் காத்தால ரெண்டு மணி நேரம் தோப்புக்குள்ள உக்காந்து படிக்குதுங்க. தாரப் பாருங்க, எப்புடி வந்திருக்குதுன்னு."

பார்த்தோம். உண்மையிலேயே நல்ல தார்.

"இப்ப ஒரு சந்தேகமுங்க. பேப்பரு படிச்சா வாழை முன்ன மாதிரி காது குடுக்க மாட்டேங்குதாம். கதைப் பொஸ்தகமாப் படிச்சா இன்னும் நல்லாத் தார் தள்ளும்ங்குது என்ற மருமக. நெசமுங்களா? வேலை தெரிஞ்சவங்களக் கேட்டுப்போட்டு வாரேன்னு வந்தேன்."

கதவுக்குப் பின்னால் நின்றிருந்த எனக்குச் சட்டென்று விளங்கிவிட்டது. கோபியில் முகம் தெரியாத ஒருத்தி, தினமும் காலையில் இரண்டு மணி நேரம், மாமியாரும் அடுப்பும் எருமையும் இல்லாத வாழை நிழலில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருக்கிறாள். இப்போது அவளுக்குச் செய்தித்தாள் அலுத்துவிட்டது.

என் வீட்டுக்காரருக்கு முகம் வெளிறிவிட்டது. பொய் சொல்ல வராத மனிதர். "அது வந்துங்க, நான் அத எழுதினது சும்மா ஒரு வேடிக்கை..." என்று ஆரம்பித்தார்.

நான் கையிலிருந்த பித்தளைச் செம்பைக் கீழே போட்டேன். வேண்டுமென்றேதான். அது உருண்டு உருண்டு கூடத்து நடுவில் போய் நின்றது. அவர் பேச்சை நிறுத்தினார். மாமியார் செம்பைப் பார்த்தார், கதவைப் பார்த்தார், தம் பிள்ளையைப் பார்த்தார். பிறகு முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

"கொடிக்கித்தானுங்க பேப்பரு" என்றார். "வாழைக்கிக் கதைதான்."

"அப்புடிங்களா!"

"பின்னெ? கொடிங்கறது அங்கங்க ஓடறது. அதுக்குத் துண்டு துண்டாச் சேதி போதும். வாழை ஒரே எடத்துல நிக்கறதில்லீங்களா? அதுக்கு நின்னு கேக்கற மாதிரி சங்கதி வேணும்."

பெரியவர் மெதுவாகத் தலையாட்டினார். "நாயமாத்தான் இருக்குது. இன்னொண்ணுங்க. படிக்கறப்ப அப்படியே களை புடுங்கச் சொல்லலாமுங்களா? இல்லாட்டிச் சாணி கீணி..."

"கூடவே கூடாது. கையி வேற வேலை செஞ்சா வாயில வேகம் வராதுங்க. வாழை கண்டுபிடிச்சுக்கும்."

"மத்தியானத்துல?"

"மத்தியானமும் ஒரு மணி நேரம் படிச்சா ரெண்டாந் தாரு சீப்புக் கொறையாதுங்க."

என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தார். பெரியவர் கடைசியில் அவரிடமே திரும்பி, "எந்தப் பொஸ்தகமுங்க வாங்கோணும், நீங்களே சொல்லிப்போடுங்க தம்பி" என்றார். அவர் எழுந்து உள்ளே வந்தார். நான் தயாராக எடுத்து வைத்திருந்த பழைய பத்திரிகைகள் பத்துப் பன்னிரண்டை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டுபோய்க் கொடுத்தார். "கதையெல்லாம் நடுப்பக்கத்துல இருக்குமுங்க" என்று மட்டும் சொன்னார். அது பொய்யில்லை.

பெரியவர் அவற்றை உருமாலில் கட்டிக்கொண்டு புறப்பட்ட பிறகு மாமியார் என்னைக் கூப்பிட்டார். "அந்த மருமக கெட்டிக்காரி. நம்ம ஊட்டுக்கு வந்திருக்கோணும்."

"நான் இருக்கறனுங்களே அத்தை."

"நீ செம்பப் போடத்தான் லாயக்கு. நசுங்கிப்போச்சு பாரு."

அன்று வீட்டில் எல்லோரும் வயிறு நிறைய வாழைப்பழம் சாப்பிட்டோம். என் வீட்டுக்காரர் ஆறு பழம் தின்றுவிட்டு, "அந்தக் குறிப்புக்கு எதுக்கும் ஒரு திருத்தம் எழுதிப் போடலாமா?" என்று கேட்டார். நாங்கள் இருவரும் ஒரே குரலில் வேண்டாம் என்றோம்.

அடுத்த வருஷம் கோபியிலிருந்து எனக்கு ஒரு தபால் கார்டு வந்தது. பெண் கையெழுத்து, மணி மணியாக. வாழை மிகவும் நன்றாக இருப்பதாகவும், மாமனார் இப்போது மஞ்சள் போட்டிருப்பதாகவும், மஞ்சளுக்கு எதைப் படிப்பது உத்தமம் என்று தங்கள் வீட்டுக்காரரிடம் கேட்டுத் தெரிவிக்க வேண்டும் என்றும், பதிலை மாமனாருக்கு உரக்கப் படித்துக் காட்டுவேன் என்றும் எழுதியிருந்தாள்.

நான் யாரையும் கேட்கவில்லை. அன்றே பதில் எழுதினேன். மஞ்சள் பத்து மாதப் பயிர். அதற்குத் தொடர்கதைதான் ஏற்றது. நடுவில் ஒரு வாரம்கூட விடக்கூடாது.