மொட்டைமாடியில் வாப்பா

சுடச்சுட டீ ஊற்றினால்தான் எங்கள் வாப்பாவின் முகம் தெரியும். துபாயிலிருந்து முதல் விடுமுறைக்கு வந்தபோது உம்மாவுக்கென்று அவர் கொண்டுவந்த கப் அது. சும்மா இருக்கையில் கன்னங்கரேலென்று இருக்கும். சூடு பட்டால் கறுப்பு விலகி, வாப்பா புதுமாப்பிள்ளைக் கோலத்தில் சிரிப்பார். டீ ஆறியதும் அவரும் போய்விடுவார். தொழுகிற வீட்டில் உருவப்படம் வைக்கக் கூடாது என்பதில் எங்கள் மாமி, அதாவது வாப்பாவின் அக்கா, மிகக் கண்டிப்பு. ஆனால் ஆறினால் மறைந்துபோகிற படத்தில் குற்றம் கண்டுபிடிக்க அவராலும் முடியவில்லை. அதனால் எங்கள் வீட்டுச் சாமான்களில் வாப்பாவின் முகம் இருந்தது அது ஒன்றில்தான்.

எனக்குப் பத்து வயதிருக்கும்போது பூனை தட்டிவிட்டு அதன் கைப்பிடி உடைந்தது. அடியில் விரிசலும் விட்டது. உடைந்த சாமான் வீட்டுக்கு ஆகாது, குப்பையில் போடு என்றார் மாமி. உம்மா போடவில்லை. மணலும் ஆட்டுப் புழுக்கையும் கலந்து நிரப்பி, பத்துமணிப் பூச்செடியில் ஒரு கிளையைக் கிள்ளி நட்டாள். தண்ணீரை இலையிலேயே சேர்த்துவைத்துக்கொள்கிற செடி. ஏர்வாடிப் பக்கத்து உப்புத் தண்ணீரைக் கண்டு முகம் சுளிக்காது. வெயிலை விரும்பும் என்று சொல்லி, கொண்டுபோய் மாடிச் சுவரில் வைத்தாள்.

எங்கள் ஊர் வெயிலுக்கு முன்னால் டீயெல்லாம் எம்மாத்திரம். நண்பகல் தொழுகைக்கான லுஹர் பாங்கு சொல்வதற்குள் சுவரின் மேல் வாப்பா பளிச்சென்று தெரிந்தார். கொஞ்ச நாளில் தலையில் ரோஸ் நிறப் பூ வேறு.

அது மிளகாய் காயப் போடுகிற காலம். உச்சி வெயிலில் மேலே போய்ப் புரட்டிவிட வேண்டும். அந்த வேலையை உம்மா வேறு யாருக்கும் விடவில்லை. ஒருநாள் போனவள் வெகுநேரமாக இறங்கவில்லை. பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவரோடு மாமி படியேறினார். பின்னாலேயே நானும் போனேன். உம்மா மிளகாய்ப் பக்கமே இல்லை. முக்காட்டை நெற்றிவரை இழுத்துவிட்டுக்கொண்டு, கப்புக்கு எதிரே நின்று ஏதோ பேசிக்கொண்டிருந்தாள்.

"என்ன புள்ள, எந்தம்பியவும் மிளகாயோட சேத்துக் காயப் போட்டுட்டியா?" என்றார் மாமி.

பெண்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். உம்மாவும் முக்காட்டு நுனியால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். மாமி கெட்டவர் இல்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு அப்போதே மறந்துவிடுவார். ஆனால் அந்தப் பேச்சு எங்களுக்கு முன்பே படியிறங்கித் தெருவுக்குப் போய்விட்டது. சாயங்காலம் மதரஸாவில் என்னோடு ஓதுகிறவள் கேட்டாள், "ஒங்க வாப்பா காஞ்சுட்டாகளா, இன்னும் ஈரமாத்தான் இருக்காகளா?"

எனக்கு மானமே போய்விட்டது. வேறு எந்தப் பிள்ளையின் உம்மாவாவது இப்படிச் செய்வாளா என்று நினைத்து நினைத்து அழுதேன். மறுநாள் காலையில் கப்பை எடுத்துத் தண்ணீர்த் தொட்டியின் நிழலில், படம் சுவரைப் பார்க்கும்படி வைத்தேன். அன்று பகல் உம்மா மேலே போன வேகத்தில் இறங்கி வந்தாள்.

"கப்ப நீயா எடுத்த?"

"ஆமா. ஊரே சிரிக்குது. ஒனக்கு வெக்கமா இல்லையா உம்மா?"

அவள் முகம் சிவந்துபோயிற்று. "செடிக்கு வெயிலு வேணும்ல" என்றாள், என்னிடம் அனுமதி கேட்பதுபோல.

"வேணாம்."

"சரி. அங்கனயே இருக்கட்டும்."

அதன்பிறகு மிளகாய் புரட்ட என்னைத்தான் அனுப்பினாள். நிழலில் செடி வெளிறி நீண்டதே தவிரப் பூக்கவில்லை. வீட்டு மானத்தைக் காப்பாற்றிவிட்டதாக எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது.

வெள்ளிக்கிழமைதோறும் வாப்பா துபாயிலிருந்து வீடியோவில் வருவார். போன் மாமியுடையது. மாமி பேசி, நான் பேசி, வந்திருக்கிறவர்கள் சலாம் சொல்லி முடித்த பிறகு உம்மாவின் கைக்கு வரும். சுற்றி எல்லோரும் உட்கார்ந்திருப்போம். உம்மா, "சாப்டீகளா?" என்பாள். அவர், "சாப்டேன்" என்பார். பிறகு இருவரும் சும்மா இருப்பார்கள். இவர்களுக்குப் பேச ஒன்றுமில்லை போலிருக்கிறது என்று நான் போனை வாங்கி அணைத்துவிடுவேன்.

உம்மாக்கள் எல்லோரும் வயதானவர்கள் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அவளுக்கு அப்போது முப்பதுகூட ஆகியிருக்கவில்லை.