குறைச்சிட்டாங்க

முதலில் முப்பது நாள் என்றார்கள். என் கணவருக்கு நுரையீரலில் கட்டி. கதிர்ச் சிகிச்சையை எங்கள் மஹய்யாவையில் யாரும் அந்தப் பெயரால் சொல்வதில்லை. கரண்ட் பிடிக்கிறது என்போம். வயரிங் வேலை செய்கிற மனுஷனுக்கு அது பெரிய பகிடி. "இத்தன வருஷமா கரண்ட் புடிக்காம தப்பிச்சு வந்தேன், இப்ப கியூவில நின்னு புடிக்கப் போறேன்" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். எனக்கு எரிச்சலாக வரும்.

அதற்கு முன் உடம்பு முழுக்கப் படம் எடுக்க வேண்டுமாம். நோய் எங்கெங்கே இருக்கிறதென்று தெரிந்தால்தான் எந்த இடத்துக்கு, எத்தனை நாள் என்று திட்டம் போடலாமாம். அவருக்கு அப்போதே முதுகு வலி. ஏணியில் ஏறி இறங்கின வலி என்று இரண்டு பேரும் நம்பிக்கொண்டிருந்தோம்.

முடிவு சொல்லும் நாளில் அவர் வெளியே வாங்குப் பலகையில் சாய்ந்து கிடந்தார். நர்ஸ் மிஸ் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். டொக்டர் திரையை என் பக்கம் திருப்பினார். என் புருஷனின் எலும்புக்கூடு. முதுகெலும்பிலும் இடுப்பிலும், தோசையில் கருகின இடம் மாதிரி, கறுப்புக் கறுப்பாக. டொக்டர் சிங்களத்தில் மெதுவாகத்தான் சொன்னார். எலும்புக்குப் பரவிவிட்டது. இனி முப்பது நாள் கொடுத்து உடம்பை வருத்திப் பிரயோசனமில்லை. வலிக்கிற முதுகுக்கு மட்டும் ஐந்து நாள். வலி குறையும், நோய் போகாது. அவரிடம் நான் சொல்லவா, நீங்கள் சொல்கிறீர்களா என்று கேட்டார். நானே சொல்கிறேன் என்றேன். பெரிய தைரியசாலி நான்!

வெளியே வந்ததும் "என்னவாம்?" என்று எழும்பினார். சொல்லக்கூடியதை மட்டும் சொன்னேன்.

"முப்பது நாள் இல்லையாங்க. அஞ்சு நாள்தானாம். குறைச்சிட்டாங்க."

நான் சொன்னது நாள் கணக்கை. அவர் நோயை என்று எடுத்துக்கொண்டார். முகம் மலர்ந்துபோனது. "நான் சொல்லல? நீதான் சும்மா பயந்த" என்றார். திருத்துவதற்கு எனக்கு ஒரு நிமிஷம் இருந்தது. நான் பையைத் தூக்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன். பஸ்ஸில் ஏறியதும் தங்கச்சிக்குப் போன் எடுத்தார். பஸ் வீட்டுப் பக்கம் வருவதற்குள் 'குறைச்சிட்டாங்க' என்பது 'குறைஞ்சிருச்சு' ஆகிவிட்டது. மறுநாள் கோயிலில் அர்ச்சனை செய்து பொங்கல் வைத்தோம். அவர் கையாலேயே எனக்கு ஊட்டினார். விழுங்கினேன். என்னை நானே வெறுத்த நாள் அது.

ஐந்து நாளும் போனோம். முதுகில் மையால் கோடு போட்டு, படத்தில் பார்த்த இடத்துக்கே நேராகக் கொடுத்தார்கள். அதற்குள்ளேயே வலி கொஞ்சம் இறங்கியது. அதுதான் கொடுமை. வலி இறங்க இறங்க அவர் நம்பிக்கை கூடிக்கொண்டே போனது. எப்படிச் சொல்வேன்?

கடைசி நாள், மடவளையில் கடை வைத்திருக்கிற முஸ்லிம் நானா ஒருவர் எங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். தொண்டையில் நோய், முப்பத்தைந்து நாள். இன்னும் பாதிகூட முடியவில்லை. எச்சில் விழுங்கவே கஷ்டப்பட்டார். நோய் வேறெங்கும் பரவவில்லை, முழுசாகக் கொடுத்தால் சுகமாகிவிடும் என்று டொக்டர் சொன்னாராம். கரகரத்த குரலில் அதைச் சொல்லிவிட்டு, "ஒங்களுக்கு எத்தின நாள்?" என்று கேட்டார்.

"அஞ்சுதான். இன்னைக்கோட முடியுது" என்றார் என் கணவர், கொஞ்சம் கூச்சத்தோடு. பிறகு அந்தக் கடைக்காரரின் தோளில் கை வைத்தார். "மனச விட்டுறாதீங்க நானா. ஒங்களுக்கும் குறைச்சிருவாங்க."

அந்த மனுஷன் இரண்டு கைகளையும் ஏந்தி, "இன்ஷா அல்லாஹ்" என்றார்.

என் புருஷன் வாக்கு பலிக்கக் கூடாதென்று அன்றைக்குத்தான் முதன்முதலாகச் சாமியைக் கும்பிட்டேன்.