உயிரோடிருப்பதற்குச் சான்று

இன்று விவேக் நகர் பஸ் ஸ்டாப்பில் மேடைப் பாடகர் அந்தோணி என்னைப் பிடித்துக்கொண்டார். இணையக் கலைக்களஞ்சியத்தில் கட்டுரைகளைத் திருத்துபவன் நான் என்று யாரோ போட்டுக்கொடுத்துவிட்டார்கள்.

"சார், நெட்ல நான் செத்துட்டேன்னு போட்டிருக்கு. ஒருத்தனும் கச்சேரிக்குக் கூப்பிட மாட்டேங்கறான்."

போனில் பார்த்தேன். இறந்த தேதிக்கு ஒரு நாளிதழ்ச் செய்தி சான்றாக இருந்தது.

"அது வேற அந்தோணி சார். நான்தான் எதிர்ல நிக்கறேனே!"

"நீங்களே சொன்னா செல்லாதுங்க ஐயா. உயிரோட இருக்கீங்கன்னு பேப்பர்ல வரணும்."

"என்னைப் பத்தி பேப்பர்ல எப்ப சார் போடுவான்?"

"செத்தா போடுவாங்க."

பஸ் வந்தது, ஏறிவிட்டேன்.

அவருக்கு எழுபத்தெட்டு வயது. கொஞ்ச நாளில் தேதியை மட்டும் மாற்றினால் கட்டுரை சரியாகிவிடும். அதற்குள் வேறு வழி தெரிந்தவர்கள் கமெண்டில் சொல்லலாம். அவசரமில்லை.