எந்த அரசின் மணல்

என் சித்தப்பாவின் திருமணப் பேச்சைப் பற்றி உறவினர்கள் பலவிதமாகச் சொல்வர். அவற்றுள் பாதி ஒன்றையொன்று மறுப்பவை. ஆதலால் நான் கண்டதையும், என் தந்தையிடம் கேட்டுத் தெளிந்ததையும் மட்டுமே எழுதுகிறேன்.

சித்தப்பாவும் எங்களோடு வாழ்ந்த மாதுங்கா வீட்டுக் கூடத்து அலமாரியில் ஒரு கண்ணாடிப் புட்டி இருந்தது. அதனுள் தேன்நிற மணல். திருவிதாங்கூர்க் கடற்கரையில் அள்ளப்படும் அம்மணலிலிருந்து எரிவாயு விளக்குகளின் வலைத்திரிகளுக்கான அரிய தாது எடுப்பர் என்று சித்தப்பா சொல்லியிருந்தார். அணுசக்திக்கும் அது உதவுமாம் என்பதைச் சற்றுத் தாழ்ந்த குரலில் சொல்வார். அம்மணலை ஏற்றுமதி செய்த நிறுவனம் நகரின் கோட்டைப் பகுதியில் வைத்திருந்த அலுவலகத்தில் அவர் குமாஸ்தா.

நாடு விடுதலை பெற்ற மறு ஆண்டு, ஜாதகம் பொருந்திய ஒரு பெண்ணின் தந்தை செம்பூரிலிருந்து வந்தார். ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், கதர் உடுத்தியவர். நான் காப்பி கொண்டுவந்து வைத்தபோது பேச்சு உத்தியோகத்துக்கு வந்திருந்தது.

"சர்க்கார் வேலையா, கம்பெனியா?"

"கம்பெனிதான் மாமா. ஆனா பங்கெல்லாம் ஒரு சர்க்கார் கையிலே இருக்குன்னு ஆபீஸிலே பேசிக்கறா," என்றார் சித்தப்பா.

"நம்ம சர்க்காரா?"

"இல்லை, வெளிதேசத்து சர்க்கார். எந்த தேசம்னு யாருக்கும் தெரியலை."

என் தந்தை நிலைமையை இலேசாக்க முயன்றார். "போன வருஷம் வரைக்கும் நாம எல்லாருமே வெளிதேசத்து சர்க்காருக்குத்தானே உழைச்சோம்?"

வந்தவர் சிரிக்கவில்லை. "அதனாலேதான் கேக்கறேன். யாரோடதுன்னு தெரிஞ்சுண்டு சொல்லுங்கோ. அப்புறம் நாள் பார்க்கலாம்."

அவர் சென்றபின் அம்மா கடிந்துகொண்டார்: "நம்ம சர்க்கார்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன குறைஞ்சுடும்?"

"நாளைக்கு அவர் விசாரிச்சா எந்த ஆபீஸைக் காட்டுவேன் மன்னி?"

சித்தப்பாவுக்கு அந்தப் பெண்ணைப் பிடித்திருந்தது. கோவிலில் ஒருமுறை தொலைவிலிருந்து கண்டதாக என் தந்தையிடம் சொல்லியிருக்கிறார். ஆகவே துணிந்து, ஆங்கிலேய மேலாளரிடமே கேட்டார். தமக்கு லண்டனிலிருந்து உத்தரவு வருவதாகவும், லண்டனுக்கு எங்கிருந்து வருகிறதென்று தாம் கேட்டதில்லை என்றும், சித்தப்பாவும் கேளாதிருப்பது நல்லதென்றும் மேலாளர் கூறினார். கடற்கரை நம்முடையது, தோண்டுபவர் நம்மவர், சம்பளம் தவறாமல் வருகிறது, அனுப்புவது மட்டும் எவரென்று தெரியவில்லை. சித்தப்பா அதை விளக்க முயன்ற ஒவ்வொரு முறையும் எங்களுக்குக் குழப்பமே மிகுந்தது. அவருக்கும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

மறுவாரம் செம்பூருக்குச் சென்று, மேலாளர் சொன்னதை ஒரு சொல்லும் கூட்டாமல் பெண்ணின் தந்தையிடம் சொன்னார். அவர் மோர் கொடுத்து உபசரித்து, வாசல்வரை வந்து வழியனுப்பினார். சில மாதங்களில் அந்தப் பெண்ணுக்கு டில்லியில் அரசு அலுவலர் ஒருவரோடு திருமணம் நடந்தது. சித்தப்பா வேறு வரன் பார்க்க இசையவில்லை.

இன்று அதே செம்பூர் வழியே அணுசக்தி நகர்ப் பேருந்துகள் செல்கின்றன. மாப்பிள்ளைக்கு அங்குள்ள அரசு அணு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை என்றால் பெண்வீட்டார் மறுகேள்வி கேட்பதில்லை.

அந்நிறுவனம் எந்த அரசுக்குரியதாயிருந்தது என்பதை என்னால் அறிய இயலவில்லை. அந்தப் பெண்ணிடம் எவரேனும் ஒரு வார்த்தை கேட்டார்களா என்பதும் தெரியவில்லை.