கருகினது கடைக்காரிக்கு

சிப்ஸ் கடை வைத்தவள் நல்ல சிப்ஸைத் தின்று யாராவது பார்த்ததுண்டா? பொன்னிறமானது கண்ணாடிப் பெட்டிக்கு, உடைந்ததும் கருகினதும் நம் தட்டுக்கு. எண்ணெய்ச் சட்டி முன்னால் நின்று வேகிற சகோதரிகளே, உங்களுக்கு இதை நான் சொல்லித்தான் தெரிய வேண்டுமா!

எதிர்க்கடை வரிசை

விவேக் நகர் சர்ச்சில் வியாழக்கிழமை பூசை முடிந்தால் தெரு நிறைய ஜனம். அந்த ஜனம் அத்தனையும் என் கடையைத் தாண்டி எதிரே இருக்கும் பிலோமினா கடைக்குத்தான் போகும். அவள் சிவக்கச் சிவக்க வறுப்பாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள், நாலாவது வயிற்றில். எனக்குக் கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் ஒன்றுகூடத் தங்கவில்லை. அவள் கடை வரிசையையும் பார்ப்பேன், அவள் வயிற்றையும் பார்ப்பேன். எதைப் பார்த்து அதிகமாக எரிகிறது என்று எனக்கே தெரியாது.

என் பழைய வாடிக்கைக்காரர் ஒருவரும் ஒருநாள் அந்த வரிசையில் நின்றார். திரும்பி வரும்போது மறித்துக் கேட்டேன். மனிதர் நெளிந்துகொண்டே சொன்னார்: "கோவிச்சுக்காதம்மா, உன் சிப்ஸ் நல்லாத்தான் இருக்கு. ஆனா அந்தக் கடைச் சிப்ஸ்ல ஒரு கலர் இருக்கு பாரு!"

குளிரில் வைத்த கிழங்கு

வெயிலில் உருளைக்கிழங்கு முளைவிடுகிறதே என்று, பக்கத்து ஐஸ்கிரீம் கடைக்காரரைக் கெஞ்சி அவருடைய குளிர் அறையில் மூட்டைகளை வைத்தேன். அடுத்த வியாழன் எடுத்துச் சீவிப் போட்டால், எண்ணெயில் விழுந்த மாத்திரத்தில் சிவந்துவிட்டது. தலையில் அடித்துக்கொண்டேன். ஆனால் நடந்தது வேறு. நிறத்தைப் பார்த்துக் கூட்டம் என் பக்கம் சாய்ந்தது! பிலோமினா வாசலில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். என் வயிறு அன்றுதான் குளிர்ந்தது.

கருகினதும் அன்று ஏராளம். நானும் என் வீட்டுக்காரர் ஜோசப்பும் அதை ரசம் சாதத்துக்குத் தொட்டுக்கொண்டோம். அப்போது காக்ஸ் டவுனிலிருந்து ஸ்கூட்டரில் பூசைக்கு வரும் ஷீலா மேடம் வந்தார். உணவுப் பரிசோதனை லேபில் வேலை பார்ப்பவர். எங்கள் தட்டைப் பார்த்து அதிர்ந்துபோய்ச் சொன்னார்: "கஸ்டமர் எப்பவோ ஒரு பாக்கெட் சாப்பிடுறாங்க. நீங்க தினமும் சட்டி அடியையே சாப்பிடுறீங்களே, ஸ்டெல்லா!"

விதைக்கே வேட்டு

அவர் சொல்லித்தான் தெரிந்தது. குளிரில் வைத்தால் கிழங்கில் சர்க்கரை ஏறுமாம். கடும் சூட்டில் அதுவும் கிழங்கில் உள்ள இன்னொரு சத்தும் சேர்ந்து அக்ரிலமைடு என்ற நஞ்சு உண்டாகுமாம். கருகக் கருக அது கூடும். உடம்புக்குள் போனால் ஈரல் அதை இன்னும் பொல்லாத ஒன்றாக மாற்ற, அது மரபணுவிலேயே போய் ஒட்டிக்கொள்ளுமாம். எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்ததில் ஆணின் விந்தணுக்கள் கெட்டு, குட்டிகள் கருவிலேயே கலைந்தனவாம். மனிதருக்கும் அப்படியா என்பது இன்னும் உறுதியாகவில்லையாம்.

ஜோசப் தட்டைக் கீழே வைத்தார். அவருக்கு அணுக்கள் குறைவு, காரணம் தெரியவில்லை என்று டாக்டர் முன்பே சொல்லியிருந்தார். எனக்குப் பயத்தைவிட ஆத்திரம்தான் முந்தியது. "அப்படின்னா பிலோமினா புருஷனும் அதைத்தானே திங்குறாரு, அவங்களுக்கு மட்டும் எப்படி மேடம் நாலு?" என்று கேட்டேன். ஷீலா மேடம் நிதானமாகச் சொன்னார்: "மழையில நனைஞ்ச எல்லாருக்குமா காய்ச்சல் வருது? அதுக்காக மழையில போய் நிப்பீங்களா?"

வெளுத்த வியாபாரம்

அன்றோடு கிழங்கு குளிர் அறையைவிட்டு வெளியே வந்தது. சீவலைத் தண்ணீரில் ஊறவைத்து, துடைத்து, இளம் மஞ்சளாகும்போதே எடுத்துவிடுவேன். கருகினது குப்பைக்கு. கூட்டமும் வந்த வழியே எதிர்க்கடைக்குப் போனது. என் எரிச்சல் இரட்டிப்பானது. ஆட்டோ ஓட்டுகிற தம்பி ஒருவன் பாக்கெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டுக் கேட்டான்: "ஏன்க்கா, பாதியிலயே கேஸ் தீந்துபோச்சா?"

ரோட்டைக் கடந்தவள்

போன வாரம் மத்தியானம் பிலோமினா வயிற்றைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்து வந்தாள். கேலி செய்யத்தான் வருகிறாள் என்று நினைத்தேன். அவளோ, வயிற்றில் இருக்கிற பிள்ளைக்காக என்று, வெளுத்த சிப்ஸ் கால் கிலோ கேட்டாள். ஷீலா மேடம் அவளிடமும் சொல்லியிருக்கிறார். அவள் புருஷன் மட்டும் கூட்டம் போய்விடும் என்று நிறத்தைக் குறைக்க மறுக்கிறாராம். ஸ்டூலைப் போட்டேன். உட்கார்ந்து சாப்பிட்டாள்.

எதிரே அவளுடைய பிள்ளைகள் மூன்றும் அடித்துக்கொண்டு அவளைக் கூப்பிட்டுக் கத்தின. அவள் எழுந்திருக்கவில்லை. ஒரே பெஞ்சில் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த என்னையும் ஜோசப்பையும் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "உங்களப் பாத்தா பொறாமையா இருக்குக்கா. ஒரு வாய் சோறு நிம்மதியா திங்குறீங்க."

ஆக, இத்தனை வருஷத்தில் அவள் கடையிலிருந்து நான் பிரித்துக்கொண்டு வந்த ஒரே கிராக்கி, இன்னும் பிறக்கவே இல்லை.