சால்வையால் கட்டிய கால்

சிரித்தவர்கள் சிரிக்கட்டும், என் இடது காலைக் கட்டி வைத்துத்தான் நான் கார் ஓட்டினேன்.

டொக்டர் அம்மாவின் புதுக் காரில் கியர் தானாகவே மாறும், கிளச் கிடையாது. லொறியில் ஓட்டம் பழகிய என் இடது கால், முதல் நாளே கிளச் என்று நினைத்து அகலமான பிரேக்கை ஓங்கி மிதித்தது. பின் சீற்றிலிருந்த அவருக்கு நெற்றி வீங்கிவிட்டது.

"இன்னொருக்கா இப்பிடி நடந்தா வேற ஆள்தான் பாக்கோணும், தம்பி."

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். காரோடு வந்த ஆங்கிலப் புத்தகத்தை எழுத்தெழுத்தாய் வாசித்தேன். இடது காலுக்கு வேலையே இல்லை என்றிருந்தது. மறுநாள் அந்தக் காலைச் சால்வையால் சீற்றோடு கட்டினேன்.

ஒட்டுசுட்டான் ஊர்த் தேத்தண்ணிக் கடையடியில் காரை நிறுத்தியதும் லொறிக்காரர் ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"இஞ்ச ஓடி வாங்கோடா! படிச்ச ட்ரைவர் மாடு கட்டுறமாதிரிக் காலைக் கட்டியெல்லே வைச்சிருக்கிறார்!"

கடையே கூடிவிட்டது. டொக்டர் அம்மாவுக்கும் கூச்சம்.

"அவிட்டுவிடுங்கோ தம்பி, சனம் சிரிக்குது."

"மாட்டன் அம்மா. அவிட்டா நான் கார் எடுக்கமாட்டன்."

அவர் யன்னலை ஏற்றிவிட்டார், நான் காரை எடுத்தேன். ஊர் தாண்டியதும் எருமையொன்று குறுக்கே வந்தது. இடது கால் துள்ளியது, சால்வை விடவில்லை. வலது காலால் மெதுவாக அழுத்தினேன். எருமைக்கு நாலு முழம் முன்னால் கார் நின்றது. கண்ணாடியில் பார்த்தேன்: டொக்டர் அம்மா நெற்றியைக் கையால் பொத்திக்கொண்டு நிமிர்ந்தே இருந்தார்.

திரும்பும்போது அதே கடையடியில் நிறுத்தி, கால் கட்டோடேயே தேத்தண்ணி வாங்கிக் குடித்தேன்.